வெண்கட்டியைக் கீழே வைத்தவர்

தவணை அறிக்கையில் என்னைப் பற்றிய குறிப்பு ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: ‘நன்றாகப் படிக்கிறார். வகுப்பில் வாய் திறப்பதில்லை.’ இரண்டாவது வசனத்தை வீட்டில் வாசித்துக் காட்டும்போது தலை தானாகக் குனிந்துவிடும். விடை தெரியாமல் நான் பேசாமல் இருக்கவில்லை. கேள்வி காதில் விழுந்து, விடை மனதில் ஒழுங்காகி, நாக்குக்கு வருவதற்குள் முன்வாங்கில் நாலு கை எழும்பிவிடும். “ரீச்சர் நான், ரீச்சர் நான்” என்ற சத்தத்தில் என் விடை திரும்ப உள்ளே போய்விடும்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர். அதனால் இங்கும் அவர் ‘ரீச்சர்’தான். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வி கேட்டதும் கையிலிருந்த வெண்கட்டியை மேசையில் வைப்பார். விரல் நுனியில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு யன்னல் பக்கம் போய் நிற்பார். எழும்பிய கைகளைப் பார்த்து, “கையை இறக்குங்கோ, எல்லாரும் யோசிக்கட்டும்” என்பார். வகுப்பு அடங்கும். அந்த அமைதியில்தான் எனக்கு முதல்முறையாக மூச்சு விட இடம் கிடைத்தது.

அப்போதும் நான் பேசவில்லை. ரீச்சரும் என்னை எழுப்பிவிடவில்லை. அதற்குப் பதிலாக என் கட்டுரைக் கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி வந்தது: ‘இந்த மழையை எங்கே நின்று பார்த்தீர்?’ கீழே இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அடுத்த கொப்பியில் இன்னொரு கேள்வி. ஒரு தவணை முழுக்க இப்படியே நடந்தது. நாற்பது பேரின் கொப்பிகளைத் திருத்துகிறவர் எனக்கென்று ஒரு கேள்வியை யோசித்து எழுதினார் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

சொல்வன்மை அதிகாரம் படித்த கிழமை. அதன் கடைசிக் குறள், 650ஆவது:

இணர்ஊழ்த்தும் நாறா மலரனையர் கற்றது
உணர விரித்துரையா தார்.

‘நாறா’ என்றதும் வகுப்பே சிரித்தது. அந்தக் காலத்தில் நாறுதல் என்றால் மணம் வீசுதல் என்று ரீச்சர் விளக்கினார். கற்றதைப் பிறர் உணர விரித்துச் சொல்லத் தெரியாதவர், கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூவைப் போன்றவர். எல்லோரும் சிரித்தபோது எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது. வள்ளுவரும் தவணை அறிக்கைக்காரரோடு சேர்ந்துவிட்டார் என்று தோன்றியது. அன்று கொப்பியில், யாரும் கேட்காமலே, ‘நான்தான் அந்தப் பூவா ரீச்சர்?’ என்று எழுதினேன்.

கொப்பி திரும்பி வந்தபோது பதில் இருந்தது: ‘குறளை இன்னொருமுறை வாசியும். ஊழ்த்தும் நாறா மலர் என்றுதான் சொல்கிறார். ஊழ்த்தல் என்றால் மலர்தல். மொட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.’

அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை.

அடுத்த கிழமை வகுப்பில் ரீச்சர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு மாதத்துக்கு முன் என் கொப்பியின் ஓரத்தில் கேட்டு, நான் எழுத்தில் விடை சொல்லி முடித்த அதே கேள்வி. வெண்கட்டியை வைத்தார். யன்னலுக்குப் போனார். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நான் எழும்பி நின்றேன். குரல் நடுங்கியது, இரண்டு வசனம் சொன்னேன். “ம். இன்னும் இருக்கே? அவசரமில்லை, சொல்லும்” என்றார். மூன்றாவதையும் சொன்னேன்.

பல ஆண்டுகள் கழித்து, நானும் படிப்பிக்கப் பயிற்சி எடுத்தபோது மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றி வாசித்தேன். 1970களில் அவர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடியளவே காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக்கினாலே விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசும் பிள்ளைகள் கூடினார்கள். பவணந்தியார் நன்னூலில் ஆசிரியர் பாடம் சொல்லவேண்டிய விதத்தை ‘விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து’ என்று வகுத்த அந்த அடியிலும் முதலில் நிற்பது விரையாமைதான். ரீச்சர் இதில் எதைப் படித்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. அவர் காத்திருந்தார். அது எனக்குப் போதுமாயிருந்தது.

இன்றும் நான் அதிகம் பேசுகிற ஆளல்ல. ரீச்சர் என்னை வாயாடியாக்கப் பார்க்கவில்லை. சொல்ல ஒன்று இருக்கும்போது எழும்பி நின்று சொல்லலாம் என்ற துணிவைத் தந்தார். இத்தனை வருடத்தில் நான் வாய் திறந்த ஒவ்வோர் இடத்திலும் அந்த யன்னலோர நிற்பு எனக்குப் பின்னால் இருந்திருக்கிறது. ரீச்சர், உங்களுக்கு என் வாழ்நாள் நன்றி.

சனிக்கிழமைகளில் நான் தமிழ் படிப்பிக்கும் சின்ன வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். வந்து எட்டுக் கிழமை, குரல் கேட்டதில்லை. கொப்பியின் ஓரத்தில் கேட்ட கேள்விக்குப் போன கிழமை முதல் பதில் வந்தது, பென்சிலால், அழித்து அழித்து எழுதிய ஒன்றரை வரி. அதே கேள்வியை எப்போது வகுப்பில் கேட்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்கும் அன்று கையிலிருக்கும் பேனையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் போய்விட வேண்டும்.