வெயில்தான்மா

“வெயிலா சார், நோயா?” என்று கேட்டார். “வெயில்தான்மா, பயப்படாதீங்க” என்றேன். பதில் சொல்ல ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தே மூன்று வருடம் போய்விட்டது.

நான் பிசியோதெரபிஸ்ட். அவர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் கடற்பாசி எடுப்பவர். அவருக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்; மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை உரிந்துபோகும் நோய். முதலில் கண்ணில் வந்து பத்து நாளில் சரியானது. அடுத்தது இடது காலில். அதில் மிச்சமான பலவீனத்தோடுதான் என்னிடம் வந்தார். தடைக்காலம் முடிந்து மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய சமயம் அது. கால் இழுக்கிறது என்றார். கூடவே, “தண்ணிக்குள்ள இறங்கிட்டா நல்லாருக்கு சார், கரையேறினாத்தான் இழுக்குது.”

இதைக் கேட்டதுமே நான் முடிவு செய்துவிட்டேன். முட்டாள்தனமான முடிவும் இல்லை. மேலுறை உரிந்த நரம்பில், உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி தடுமாறும். 1890-இலேயே ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் கவனித்து எழுதியது. சூடு தணிந்தால் பழையபடி ஆகிவிடும். ஈரத்துண்டைப் போர்த்தி ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார வைத்தேன். கால் தேறியது. நடந்து காட்டிவிட்டுச் சிரித்தார்.

ஆனால் விஷயம் கையில் இருந்தது. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டுதான் பாசி எடுப்பார்கள். கரையிலிருந்து நேராக வந்திருந்தார். இடது கை முடிச்சை வலது கையால் அவிழ்க்கப் பார்த்தார்; வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். ஈர முடிச்சு இறுகத்தான் செய்யும், பல்லால் இழுக்காதவர் யார்? சரி. ஆனால் வெயிலில் தலைகாட்டுவது பழைய குறைதான். வலது கை அவருக்குப் பழைய குறை இல்லை; அப்படியென்றால் அது நோயின் புதுத் தாக்குதலாக இருக்கலாம்.

ஐந்தாம் நாள் அவருடைய தங்கை போன் செய்தார். அக்காவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. “ஏன் இத்தனை நாள் சொல்லல?” என்றேன். “நீங்கதானே சார் வெயில்னு சொன்னீங்க.”

மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் புதுப் புண். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் ஒரு கிராம், ஐந்து நாள். அங்கிருந்த டாக்டர் எனக்கு ஆறுதலாகவே சொன்னார்: ஸ்டீராய்டு தேறுவதைச் சீக்கிரப்படுத்தும், கடைசியில் எவ்வளவு குறை மிஞ்சும் என்பதை மாற்றாது. ராத்திரி தூக்கம் வராதபோது இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த அம்மாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சோற்றைப் பிசைய முடியாத ஐந்து நாளும் கணக்கில் உண்டுதானே.

அப்புறம் அவர் கேட்டது இது: “கண்ணு பத்து நாள்ல சரியாச்சு. கை ஏன் சார் இப்படி?” உடம்பைக் காக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் மூளையின் காவலைத் தாண்டி உள்ளே நுழைந்து நரம்புறையைத் தாக்குகின்றன, பி செல்களும் கூட்டுச் சேர்கின்றன, எங்கே விழுகிறது, எவ்வளவு ஆழம், அந்த இடம் எவ்வளவு ஆறுகிறது என்பதைப் பொறுத்தது என்றேன். தண்டுவடம் விரல் பருமன்தான். அத்தனை கம்பியும் அதற்குள் நெருக்கியடித்து ஓடுகிறது. “அப்ப அந்த அணுவை ரத்தத்துல எண்ணிப் பாத்தா அடுத்தது எப்ப, எவ்வளவுன்னு தெரியாதா?” தெரியாதும்மா. ரத்தத்தில் மிதப்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றி பி செல்களைத் துடைத்துவிடுகிறார்கள். அவை திரும்பி வந்துவிட்டாலும் நோயின் அடுத்த தாக்குதல் வந்தே தீரும் என்றில்லை.

அந்த முடிச்சை நான் அன்றைக்கே பார்த்தேனா, போன் வந்த பிறகு என் மூளை சேர்த்துக்கொண்டதா? பழைய குறிப்பேட்டில் இடது காலின் பலம் ஐந்துக்கு நான்கு என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது எம்.எஸ். என்று யார் வந்தாலும் முதலில் இரண்டு கையையும் பார்க்கிறேன். போன வருடம் ஒருவரைச் சந்தேகப்பட்டு அன்றே மதுரைக்கு அனுப்பினேன். ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை, வெயில்தான். வேன் வாடகைக்கும் ஸ்கேனுக்கும் அவர் மனைவியின் தோடு அடகுக்குப் போயிருந்தது.

பாசிக்காரம்மா இன்னும் வருகிறார். போன வாரமும் அதே கேள்வி: “வெயிலா சார்?”

“நாளைக்கும் இதே மாதிரி இருந்தா உடனே போன் பண்ணுங்க” என்றேன்.

“அப்ப உங்களுக்கும் தெரியாது” என்றார், துணியை அவிழ்த்துக்கொண்டே.