ஆடத் தெரிந்தவள் பாட்டு வகுப்பைப் பார்த்துக் கல்லூரி எடுத்த கதை

நியூஜெர்சியில் வளர்ந்தவள் நான். ஆறு வயதில் பரதநாட்டியம், ஒன்பதில் பாலே, பன்னிரண்டில் டேப் (காலணியில் தைத்த உலோகத் தகட்டால் தாளம் தட்டி ஆடுவது). பாட்டு? கோயில் விழாவில் கும்பலோடு கும்பலாகப் பாடியதுதான். இப்படிப்பட்டவள் மியூசிக்கல் தியேட்டரில், அதாவது பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த மேடைக் கலையில், பி.எஃப்.ஏ. என்ற இளங்கலைப் பட்டம் படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் நடந்த பேச்சை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதேதான் நடந்திருக்கும். இப்போது மூன்றாம் ஆண்டு. என்னைப் போல ஆட்டம் முன்னே, பாட்டு பின்னே என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் சேரும் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய கையோடு பிரீஸ்கிரீன் வீடியோ, அதாவது நேரடித் தேர்வுக்கு முன் வடிகட்டுவதற்கான வீடியோ எடுக்க வேண்டும். பல கல்லூரிகள் ஒரு பொதுவான முறையை ஏற்றுக்கொண்டிருப்பதால், ஒருமுறை எடுத்த பாட்டு, மோனோலாக் (தனி ஆளாகப் பேசி நடிப்பது), நடன வீடியோக்களையே பெரும்பாலும் எல்லா இடத்துக்கும் அனுப்பலாம். எந்தக் கல்லூரி எதைக் கேட்கிறது என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வைல்டு கார்டு' என்று நம் விருப்பத்துக்கு விடும் பகுதியும் சில இடங்களில் உண்டு. நான் ஒரு நிமிடம் ஜதி ஆடி அனுப்பினேன். பிறகு நேரில் பார்த்த ஆசிரியர்கள் என் பாட்டைப் பற்றிப் பேசவில்லை, அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

பிரீஸ்கிரீனில் தேறினால் குளிர்காலத்தில் நேரடி ஆடிஷன். கல்லூரிக்கே போகலாம். அல்லது நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸில் பல கல்லூரிகள் ஒரே சமயத்தில் முகாம் போடும் யூனிஃபைட்ஸுக்குப் போகலாம். நான் சிகாகோ போனேன். ஓட்டல் நடைபாதை முழுக்க லியோடார்டும் (உடலை ஒட்டிய ஆட்ட உடை) கோட்டுமாகப் பிள்ளைகள்; யாரைப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஃபிளாஸ்கிலிருந்து மிளகு ரசத்தை ஊற்றி, "தொண்டைக்கு நல்லது, குடிம்மா" என்று நீட்டினார். ஒரு கல்லூரியின் நடனத் தேர்வைக் கம்பளம் விரித்த அறையில் வைத்தார்கள். கம்பளத்தில் சுழன்றால் கால் நிற்கும், முட்டி திரும்பும். எல்லாரும் இரண்டு சுற்றுச் சுழன்றபோது நான் ஒரே சுற்றுச் சுத்தமாகச் சுற்றி நின்றேன். அங்கே இடம் கிடைத்தது.

கல்லூரிப் பட்டியல் போட்டபோது ஒரு தப்பு செய்தேன். மிச்சிகன், கார்னெகி மெலன், சின்சினாட்டி என்று எல்லாரும் சொல்லும் பெயர்களையே எழுதினேன். அவை பேர்போன இடங்கள்தான், சந்தேகமில்லை. கார்னெகி மெலன் போன்ற இடங்களில் ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் ஆடுகிறவர்களுக்கு வேறு வாசல்களும் உண்டு. நியூயார்க்கில் பேஸ் பல்கலைக்கழகத்தில் கமர்ஷியல் டேன்ஸ் (மேடை, திரை போன்ற தொழில்துறைக்கான நடனம்) என்றே தனிப் பட்டம் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கின் பாயின்ட் பார்க்கில் நடனப் பட்டமும் மியூசிக்கல் தியேட்டர் பட்டமும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தின் நடனத் துறை டேப், ஜாஸ், மேடை நடனம் ஆகியவற்றில் ஊறியது. நான் இந்த வாசல்களை நவம்பரில்தான் பார்த்தேன். நீங்கள் முந்தைய கோடையிலேயே பாருங்கள்.

சரி, நடனப் பட்டமா, மியூசிக்கல் தியேட்டரா? என் கேள்விக்கு விடை, ஆடிஷனில் எது முதலில், எது பிறகு என்பதில் இருந்தது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் கோரஸ் (குழுவாக ஆடிப் பாடுகிறவர்கள்) ஆடிஷனை ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் தனித்தனியே அழைப்பார்கள். ஆடுகிறவர்களின் அழைப்பில் முதலில் நடனம். அதில் பாதிக்கு மேல் அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்களைப் பதினாறு பார், அதாவது பாட்டின் ஒரு சிறு பகுதி, பாடச் சொல்வார்கள். ஆக, கால் நம்மை உள்ளே விடுகிறது, வேலையைத் தொண்டைதான் வாங்கிக் கொடுக்கிறது. எனக்குக் கால் ஏற்கெனவே இருந்தது. டேப் வகுப்பில் மற்றவர்கள் ஐந்து ஆறு ஏழு எட்டு என்று எண்ணும்போது நான் மனதுக்குள் தகதிமி சொல்லிக்கொண்டிருப்பேன். தாளம் என்னை விட்டுப் போகாது. பாட்டுக்குத்தான் நான்கு வருடம் தேவைப்பட்டது.

ஏப்ரலில் கையில் மூன்று இடங்கள். நியூயார்க்கில் ஒரு நடனப் பட்டம். ஒஹாயோவில் ஒரு சின்ன மியூசிக்கல் தியேட்டர் வகுப்பு. மூன்றாவது, பெயர் சொன்னால் எல்லாரும் புருவத்தை உயர்த்தும் கல்லூரி. மூன்றுக்கும் போய் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தேன். அந்தப் பெரிய பெயர் கல்லூரியில் மியூசிக்கல் தியேட்டர் மாணவர்களுக்கு ஒரே பாலே வகுப்பு: பதினைந்து வருடம் ஆடியவரும் போன மாதம் ஷூ வாங்கியவரும் ஒரே பயிற்சிக் கம்பியைப் பிடித்து நின்றார்கள். "மேல்நிலை வகுப்புக்குப் போகலாமா?" என்று கேட்டேன். "அது நடன மாணவர்களுக்கு" என்றார்கள். கட்டடம் அழகு. ஆனால் ஸ்டுடியோவின் தரை, கான்கிரீட் மேலேயே ஒட்டிய வினைல். அடியில் மரமும் நெகிழ்வும் இல்லாத தரையில் நான்கு வருடம் குதித்தால் முட்டியும் கணுக்காலும் என்னாகும் என்று பரதம் ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒஹாயோவில் முதல் வாரமே நிலைத்தேர்வு வைத்து, தகுதியிருந்தால் நடனத் துறையின் வகுப்பிலேயே விடுகிறார்கள். அதைவிட முக்கியம், எட்டு செமஸ்டரும் வாரம் ஒரு தனிப் பாட்டு வகுப்பு. இதைத் துருவித் துருவிக் கேளுங்கள். "வாய்ஸ் லெசன் உண்டு" என்பார்கள். தனியாகவா, நாலு பேர் சேர்ந்தா, எத்தனை நிமிடம், நான்கு வருடமுமா என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். முதலாண்டு மாணவரை மேடையேற்றுவார்களா, இரண்டாம் ஆண்டு முடிவில் ஆட்களைக் கழிக்கும் வழக்கம் உண்டா என்பதையும் கேளுங்கள். ஆசிரியரைவிட மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

அப்புறம் பணம். பெரிய தனியார் கல்லூரிகளில் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிடும். அப்பா ஒரு எக்ஸெல் தாளில் மூன்று கல்லூரிகளையும் நான்கு வருடக் கணக்காகப் போட்டார். திறமைக்கான உதவித்தொகையும் மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையும் சேர்ந்து வருமா, ஆண்டுதோறும் தொடருமா என்று எழுதிக் கேட்டோம். வேறொரு கல்லூரி தந்த தொகையைக் காட்டி ஒஹாயோவில் கொஞ்சம் கூட்டித் தரச் சொன்னோம், தந்தார்கள். இப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லாரும் கேட்கிறார்கள்.

மே 1 கடைசி நாள். நான்கு நாள் முன்னதாகவே ஒஹாயோவுக்குச் சம்மதம் சொன்னேன். நியூயார்க்குக்கு வர முடியாது என்று மின்னஞ்சல் எழுதியபோது கண் கலங்கியது உண்மை. அன்றே அனுப்பிவிட்டேன். அந்த இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருத்தி தினமும் இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள் அல்லவா.