திங்வெட்லிரில் ஒரு வியாழக்கிழமை

ஐஸ்லாந்துக்குப் போகிறவர்கள் அருவி, எரிமலை, பனிப்பாறை என்று பட்டியல் போட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு அங்கே வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களான ஓடினையும் தோரையும் இன்றைக்கும் வணங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. சினிமாவில் சுத்தியலோடு பறக்கும் தோர் இல்லை; இடிக்கும் மழைக்கும் உரிய தோர்.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, அவர்களுடைய விழா நாள். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து முக்கால் மணி நேரத்தில் திங்வெட்லிர் வந்துவிடுகிறது. மதில்போல எழும்பி நிற்கும் கரும்பாறைப் பிளவு, பக்கத்தில் ஒக்ஸாரா ஆறு. கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. 930இல் நாட்டின் பொதுச்சபை முதன்முதலில் கூடிய இடம் இது. 1000ஆம் ஆண்டு வாக்கில் கிறித்தவத்துக்கு மாறுவதா வேண்டாமா என்று ஊர் இரண்டுபட்டபோது வழக்கு தீர்ந்ததும் இங்கேதான். தீர்ப்புச் சொன்ன தோர்கெய்ர் பழைய சமயத்துக்காரர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு எழுந்து, எல்லாரும் ஞானஸ்நானம் பெறட்டும், வீட்டுக்குள் மறைவாகப் பழைய தெய்வங்களுக்குப் படைத்தால் தண்டனை இல்லை என்றாராம். கொஞ்ச காலத்தில் அந்தச் சலுகையும் போய்விட்டது. தங்கள் தெய்வங்கள் வழக்கில் தோற்ற இடத்துக்கே வந்து விழா எடுக்கிறார்களே, அந்த நெஞ்சுரம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பழைய சமயத்தை மீட்டெடுத்தவர் ஸ்வெய்ன்பியர்ன் பெய்ன்டெய்ன்சன், ஆடு வளர்த்த ஒரு விவசாயி. பழம்பாடல்களை ராகம் போட்டுப் பாடிய கவிஞர், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. 1972இல் நண்பர்களோடு, இந்தச் சமயத்தின் பெயரிலேயே, ஆசாத்ரு சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அரசு அதைச் சமயமாக அங்கீகரித்தது. அனுமதி கேட்டு அமைச்சரைப் பார்த்துவிட்டு வந்த கையோடு இடி இடித்து நகரத்தில் மின்சாரம் போனதாக ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சங்கத்தில் இப்போது 5,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். தலைமைப் பூசாரி ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன், திரைப்படங்களுக்கு இசையமைப்பவர்.

சடங்குக்குப் பெயர் பிளோட். பூசாரியை 'கோதி' என்கிறார்கள். பெண்களும் கோதி ஆகிறார்கள். எல்லாரும் வட்டமாக நின்றோம். நடுவில் தீ. இந்த இடத்தில் சண்டை சச்சரவு கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். அப்புறம் 'எட்டா' என்ற பழந்தொகுப்பிலிருந்து தெய்வக்கதைப் பாடல்கள். பொருள் எனக்குப் புரியவில்லை. ஆனால் மோனை காதில் விழுந்துகொண்டே இருந்தது. எதுகை மோனையில் வளர்ந்த காதுக்கு அது போதும்.

பிறகு மாட்டுக் கொம்பில் மது ஊற்றிக் கைமாற்றினார்கள். கொம்பு யாரிடம் வருகிறதோ அவர் தெய்வத்தையோ முன்னோரையோ நிலத்துக் காவல் ஆவிகளையோ வாழ்த்தி, ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் தருகிறார். ஒருவர் தோரை வாழ்த்தினார். ஒரு பாட்டி, இறந்துபோன தன் அம்மாவை. பலி எதுவும் இல்லை. உயிர்ப்பலி தருவதில்லை என்பது சங்கத்தின் கொள்கை. என் முறை வந்தபோது என் தாத்தா பெயரைத் தமிழில் சொன்னேன். யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை.

சாப்பாட்டின்போது பக்கத்தில் இருந்தவரிடம், "தோர் உண்மையிலேயே இருக்கிறாரா?" என்று கேட்டேன். சிரித்தார். ஓடின் ஓர் ஆள் என்று நினைப்பவர்களும் உண்டு, இயற்கையின் சக்தி என்பவர்களும் உண்டு, பாட்டுக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு. அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை என்றார். ஆனால் ஒன்றில் கறாராக இருக்கிறார்கள். வெளிநாடுகளில் இனவெறிக் கூட்டங்கள் இதே தெய்வங்களைக் கொடியில் தூக்கிக்கொண்டு திரிகின்றன. அவர்களோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சங்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒருபாலினத் திருமணங்களையும் நடத்திவைக்கிறார்கள்.

ரெய்க்யவிக்கின் ஒஸ்க்யுலித் குன்றுச் சரிவில் இவர்களுக்கென்று ஒரு கோயில் எழும்புகிறது. 2015இல் தொடங்கிய வேலை, பணத்தாலும் கட்டுமானச் சிக்கலாலும் இழுத்துக்கொண்டே போனது. போக நினைப்பவர்கள் ஜூன் தவறினால் ஏப்ரலில் பார்க்கலாம். 19க்கும் 25க்கும் இடையில் வரும் வியாழன் அங்கே கோடையின் முதல் நாள். அன்றைக்கும் பிளோட் உண்டு. பெயர்தான் கோடை, தடித்த ஸ்வெட்டரை மறக்க வேண்டாம்.