சுவடியில் இருப்பது வேறு, நாம் ஊகிப்பது வேறு

ஓலைச்சுவடி அட்டவணை எதைப் புரட்டினாலும் நூலின் பெயருக்கு முன்னால் நான் தேடுவது ஓலையின் நீள அகலம், ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்துக்கு எத்தனை வரி, தொடக்கம், முடிவு ஆகியவற்றைத்தான். ‘கம்பராமாயணம், யுத்த காண்டம், முழுமையில்லை’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் மனசு ஆறாது. எந்த ஏடு இல்லை? ஓலையின் ஓரத்தில் எழுதியவரே எண் போட்டிருப்பார். ௪௰க்கு (40) அப்புறம் ௪௰௩ (43) வந்தால் நடுவில் இரண்டு ஏடு இல்லை. அதைக் குறிக்காமல் விட்டால், பின்னால் சுவடிக்கட்டை அவிழ்ப்பவருக்கு அந்த ஏடுகள் அன்றே இல்லையா, இடையில் தொலைந்தனவா என்று தெரியாது. உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சிட்ட புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. அடுத்த பாட்டை மேலே ஏற்றி எண்ணைச் சரிக்கட்டாமல், இழப்பு இழப்பாகவே தெரியும்படி விட்டிருக்கிறார். எனக்கு அதுதான் அளவுகோல்.

காலக் குறிப்பில் இன்னும் கவனம் வேண்டும். கடைசி ஏட்டில் ‘பிரபவ ௵ ஆவணி ௴’ (௵ வருஷம், ௴ மாதம்) எழுதி முடிந்தது என்றிருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 1807ம் பிரபவ, 1867ம் பிரபவ. கேரளத்திலும் தென்தமிழகத்திலும் வழங்கிய கொல்லம் ஆண்டும் சேர்ந்திருந்தால் கவலையில்லை, மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைத்துவிடும். கிழமை, திதி, நட்சத்திரம் இருந்தால் பஞ்சாங்கக் கணக்கு கைகொடுக்கும். எதுவுமே இல்லையா? சரி, ‘பிரபவ’ என்று மட்டும் எழுதுங்கள். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து 1867 என்று தோன்றினால் அதைக் கீழே தனியாக, ஊகம் என்று சொல்லியே எழுதலாம். இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த கட்டுரையாளர் அந்த ஆண்டை உறுதியான செய்தியாக எடுத்தாள்வார். அவரை இன்னொருவர் மேற்கோள் காட்டுவார்.

தொடக்க வரியும் அப்படித்தான். பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, காலும் (‘கா’வில் வரும் ‘ா’ குறி) ரகரமும் ஒரே வடிவம். காடா, கரடா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதனால் ஓலையில் உள்ளபடி ஒரு வரி, நாம் படித்தபடி ஒரு வரி என இரண்டும் வேண்டும்.

அப்புறம், முன்னேட்டில் யாரோ கிறுக்கிய நெல் கணக்கு, கடன் கணக்கு. நூலுக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிடாதீர்கள். ஓர் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ அதில் இருக்கும். சுவடி எந்த வீட்டில் இருந்தது என்பதற்குப் பல கட்டுகளில் வேறு தடயமே கிடைப்பதில்லை.