தீவுக்கு எடுத்துப்போக எட்டுப் பாட்டு

பிபிசி வானொலியில் 1942-இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சி இன்றும் வருகிறது. ஆளில்லாத தீவுக்குத் தனியாகப் போவதானால் எந்த எட்டுப் பாட்டு, எந்த ஒரு புத்தகம், ஆசைப்பட்ட எந்த ஒரு பொருளைக் கொண்டுபோவீர்கள் என்று விருந்தினரைக் கேட்பார்கள்.

எனக்கு முதலில் 'கவிக்குயில்' (1977) படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. இளையராஜா ரீதிகௌளை ராகத்தில் போட்ட மெட்டு. பாலமுரளிகிருஷ்ணா அந்தப் பல்லவியை எடுக்கும்போது யாரோ நம்மையே கூப்பிடுவதுபோல இருக்கும். மனுஷ வாடையே இல்லாத இடத்தில் அப்படி ஒரு குரல் வேண்டாமா? அடுத்து எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்', கல்கி எழுதியது. மற்ற ஆறும் நாளுக்கு நாள் மாறும், இந்த இரண்டும் மாறாது.

புத்தகம் கம்பராமாயணம். பொருள், அம்மா கைப்பட எழுதிய பாட்டு நோட்டு. ஓரங்களில் பால் கணக்கும் இருக்கும், அதுவும் வேண்டும்.

உங்கள் எட்டைச் சொல்லுங்களேன்.