ஆலிவ் எண்ணெயில் கத்திரிக்காய்: புளிப்பு ஏற்றுவதில்தான் எல்லாம்

தெற்கு இத்தாலியில், குறிப்பாக கலாப்ரியாவிலும் பூலியாவிலும், கோடை முடிவில் கத்திரிக்காய் மலிந்து கிடக்கும்போது வீட்டுக்கு வீடு போடுவது ‘மெலன்சானே சொத்தோலியோ’. கத்திரிக்காயை உப்பில் அழுத்தி, வினிகரில் கொதிக்கவிட்டு, பிழிந்து, ஆலிவ் எண்ணெயில் மூழ்கடிப்பார்கள். அந்த முறையை நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களை வைத்துச் செய்து பார்த்த குறிப்பு இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் எதையும் பதப்படுத்துவதில்லை, காற்றை மட்டும்தான் தடுக்கிறது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும், அதனால் பூஞ்சை அடங்கும். ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத இடம்தான் தோது. அதன் வித்துகள் மண்ணிலிருந்து காயோடு வரும், 100 டிகிரி கொதிநிலைக்கும் சாகாது. பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்கு மேல் இருக்கும் ஈரமான காயை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைத்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தின் எண்ணெய்ப் பூண்டால் 36 பேருக்கு பொட்டுலிசம், அதாவது இந்த பாக்டீரியா சுரக்கும் நஞ்சால் நரம்புகள் செயலிழக்கும் நோய், வந்தது. நஞ்சு உருவான ஜாடியில் வாடையோ நிறமாற்றமோ இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. அதனால் ‘முகர்ந்து பார்த்தேன், நன்றாக இருந்தது’ என்பது இங்கே செல்லாது.

நம் ஊறுகாயும் எண்ணெயில்தானே மிதக்கிறது என்று தோன்றும். அங்கே காப்பது உப்பும் புளிப்பும். நல்லெண்ணெய் அதற்கு மேல்மூடி. இத்தாலிய முறையில் உப்பு குறைவு, ஆகவே முழுப் பொறுப்பும் வினிகர் தலையில்.

அந்த வினிகரில்தான் முதல் சிக்கல். இத்தாலியில் வீட்டுக்கு வாங்கும் ஒயின் வினிகர் பெரும்பாலும் 6 சதவீத அமிலம். அதனால் அவர்கள் சரிபாதி தண்ணீர் சேர்த்தாலும் 3 சதவீதம் நிற்கும். இங்கே மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் 4 சதவீதம்தான். இத்தாலியக் குறிப்பை அப்படியே நம்பி அதில் பாதித் தண்ணீர் ஊற்றினால் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 4 சதவீத வினிகர் என்றால் 750 மி.லி.க்கு 250 மி.லி. தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரே சேர்க்காமல் செய்தால் இன்னும் நிம்மதி. புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் வினிகரில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போடலாம். சர்க்கரை நாக்கைத்தான் ஏமாற்றும், பி.எச்.சை ஏற்றாது. வெந்த துண்டுகளைத் தண்ணீரில் அலசிப் புளிப்பைக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது.

ஒரு ஈட்டுக்கு அளவு: தோல் சீவிய பெரிய ஊதாக் கத்திரிக்காய் 1 கிலோ, கல் உப்பு 40 கிராம், மேலே சொன்ன வினிகர்க் கரைசல் 1 லிட்டர், ஆலிவ் எண்ணெய் சுமார் 300 மி.லி., காய்ந்த ஆரிகானோ 1 தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2. சின்னப் பச்சைக் கத்திரிக்காய் ஒத்துவராது. விதை அதிகம், கசப்பும் அதிகம், பிழிந்தால் சக்கையாகிவிடுகிறது. தோலைச் சீவுவது அழகுக்காக இல்லை. தோல் புளிப்பை உள்ளே விடாது, பிறகு கடிக்கவும் ரப்பர் மாதிரி இருக்கும்.

1 செ.மீ. கனத்துக்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, உப்பைப் பிசறி, வடிகட்டியில் போட்டு, மேலே தட்டு வைத்து அதன்மேல் 2, 3 கிலோ எடை ஏற்ற வேண்டும். 12 மணி நேரம். நம் வெயில் காலத்தில் இதை வெளியே விடாமல் ஃபிரிட்ஜுக்குள் வைப்பது நல்லது. பழுப்புத் தண்ணீர் நிறைய இறங்கும். பிறகு கைப்பிடி கைப்பிடியாக எடுத்து நன்றாகப் பிழிய வேண்டும். இத்தாலியர்கள் இதற்கென்றே திருகு வைத்த சின்ன அழுத்துக் கருவி வைத்திருக்கிறார்கள். கெட்டியான பருத்தித் துணியில் கட்டி முறுக்கினாலும் போதும். இந்தப் பிழிதலில் சோம்பினால் காயில் தங்கும் தண்ணீர் வினிகரை நீர்த்துப்போகச் செய்யும், புளிப்பு நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது.

கரைசலை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவையுங்கள். அலுமினியம் வேண்டாம், அமிலம் அரித்துக் காய்க்கு உலோகச் சுவை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி தொண்டையைப் பிடிக்கும். துண்டுகளை நான்கு பங்காகப் பிரித்துப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து 3 நிமிடம். மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கி, திரும்ப எழுவதற்குள் காய் குழைந்துவிடும். எடுத்து ஆறவிட்டு மறுபடி பிழிந்து, சுத்தமான துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணி மூடி 4, 5 மணி நேரம். பிழிந்து முடித்தால் 1 கிலோ காய் பாதிக்கும் கீழே வந்திருக்கும்.

சோதனையை எண்ணெய் ஊற்றுவதற்கு முன் செய்தாக வேண்டும். எண்ணெய் பட்ட பிறகு பி.எச். தாளோ மீட்டரோ ஒழுங்காகக் காட்டாது. இருப்பதிலேயே கனமான துண்டுகளாகப் பொறுக்கி, அவற்றின் நடுப்பகுதியை மட்டும் 20 கிராம் எடுத்து, 20 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) சேர்த்து அரைத்துப் பாருங்கள். மேற்புறத்தைச் சோதித்தால் வினிகரின் புளிப்பைத்தான் காட்டும். 4.6 என்பது எல்லைக்கோடு. வீட்டில் 4.2-ஐக் குறியாக வைத்துக்கொள்வதே புத்தி. 1 முதல் 14 வரை காட்டும் மலிவுத் தாள் இதற்குப் போதாது, 4-க்கும் 5-க்கும் இடையே நிறம் பிரிந்து தெரியாது. குறுகிய வீச்சுத் தாள் வேண்டும், இல்லையென்றால் பி.எச். 4.01, 7.01 தரக் கரைசல்களில் சரிபார்த்த மீட்டர். 2 செ.மீ. கனத்துக்கு வெட்டிய துண்டுகளில் மூன்று நிமிடக் கொதிக்குப் பிறகும் நடுப்பகுதி பின்தங்கியே நிற்கிறது. அப்படி வந்தால் இரவு முழுக்கப் புது வினிகரில் ஊறப்போட்டு மறுநாள் திரும்பச் சோதியுங்கள்.

கொதிக்கவைக்காமல், அழுத்திப் பிழிந்த காயை நேராக வினிகரில் 12 மணி நேரம் ஊறவைக்கும் பச்சை முறையும் உண்டு. கடிக்க நறுக்கென்று இருக்கும், சுவையில் அதுதான் ஒரு படி மேல். ஆனால் அதற்கு 6 சதவீத வினிகர் வேண்டும், மேற்பரப்பிலுள்ள ஈஸ்ட் சாவதில்லை, அதனால் ஜாடிக்குள் நுரைக்கும் வாய்ப்பு கூடுதல். புதிதாகச் செய்பவர்கள் கொதிக்கும் முறையிலேயே ஆரம்பிக்கலாம்.

பூண்டு தனிக் கதை. கத்திரிக்காய்க்குப் புளிப்பு ஏற்றிவிட்டு நடுவில் நான்கு பச்சைப் பூண்டுப் பல்லைச் செருகினால் அத்தனை உழைப்பும் வீண். பூண்டின் பி.எச். 6-ஐ ஒட்டியது. எண்ணெயில் ஒரு கரண்டி வினிகர் ஊற்றிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது, வினிகர் எண்ணெயில் கலக்காமல் அடியில் தங்கும், பூண்டுக்குள் இறங்காது. இதற்கு அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகம் ஆய்ந்து சொன்ன முறை கைகொடுக்கிறது: பூண்டை கால் அங்குலத்துக்கு மிகாமல் நறுக்கி, எடையில் மூன்று மடங்கு 3 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைப்பது. 30 கிராம் பூண்டு என்றால் 90 கிராம் கரைசல். அரை லிட்டர் கரைசலுக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் கணக்கு. வினிகர் பட்ட பூண்டு சிலசமயம் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். அதிலுள்ள கந்தகச் சேர்மங்களின் வேலை அது, பயமில்லை. பச்சைப் புதினா சேர்க்க ஆசையா? காய்ந்த இலையைப் போடுங்கள்.

ஜாடி அகன்ற வாயுள்ள 300 மி.லி. கண்ணாடியாக இருக்கட்டும். 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, அடியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் காயை அடுக்க வேண்டும். ஓர் அடுக்கு, முள்கரண்டியால் ஓர் அழுத்து, எண்ணெய், மறுபடி ஓர் அடுக்கு. மூங்கில் குச்சியை ஓரமாக விட்டு ஆட்டினால் சிக்கியிருக்கும் காற்றுக் குமிழ்கள் மேலே வரும். காய்க்கு மேல் 1 செ.மீ. எண்ணெய் நிற்க வேண்டும். மூடியை இறுக்காமல் சில மணி நேரம் விட்டால் காய் எண்ணெயைக் குடித்து மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றி மூடுங்கள். எக்ஸ்ட்ரா வெர்ஜின்தான் சுவை. காரமும் கசப்பும் தூக்கலான எண்ணெய் என்றால் காயின் ருசி அமுங்கிவிடும், மென்மையானதாகப் பாருங்கள். பிழிந்த ஆலிவ் சக்கையிலிருந்து எடுக்கும் பொமேஸ் எண்ணெயால் ஆபத்தில்லை, ஆனால் மணமே இல்லாமல் இதைச் செய்வானேன்.

ஃபிரிட்ஜில் எண்ணெய் கலங்கி, வெள்ளைத் திட்டுகளாக உறையும். பூஞ்சையோ என்று பதற வேண்டாம். அரை மணி நேரம் வெளியே வைத்தால் தெளிந்துவிடும், தெளியாததுதான் பூஞ்சை. மூன்று வாரத்தில் வினிகரின் முனை மழுங்கி ருசி கூடும். இத்தாலிய வீடுகளில் இருட்டு அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் என்றாலும், நம் வெப்பத்துக்கு ஃபிரிட்ஜும் இரண்டு மாதக் கெடுவும்தான் என் கணக்கு. திறந்த ஜாடியை இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். காய்ந்த முள்கரண்டியால் மட்டும் எடுத்து, மட்டம் குறைந்தால் எண்ணெய் சேர்க்க வேண்டும்.

அடியில் கலங்கலாகத் தண்ணீர் தேங்கினால் பிழிந்தது போதவில்லை என்று அர்த்தம். மூடி உப்பினாலோ, சில நாள் கழித்துக் குமிழ் கிளம்பினாலோ நாக்கில் வைத்துப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். பழைய மெழுகு வாடை அடித்தால் எண்ணெய் சிக்கடித்துவிட்டது, வெளிச்சம் பட்டிருக்கும்.

இதே வழியில் காளானும் போடலாம், பாதியாக வெட்டி, கொதியை 5 நிமிடமாக்கி, சோதனை தவறாமல். காய்ந்த தக்காளி இன்னும் சுலபம்: 1 கிலோ காய்ந்து 100 கிராமுக்குள் வர வேண்டும், மடித்தால் தோல் மாதிரி வளைய வேண்டும், அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. கொதிக்கும் வினிகரில் 1 நிமிடம் முக்கித் துடைத்து, நிழலில் உலர்த்தி அடுக்குங்கள். ஜாடியில் மிஞ்சும் எண்ணெயை அடுத்த ஈட்டுக்கு ஊற்றாதீர்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம், பாஸ்தாவில் பிரட்டலாம், அதையும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.