வானியலில் பிஎச்.டி.: ஆத்தங்குடியிலிருந்து போனவளின் அனுபவம்

போன மாதம் தீசிஸ் ஒப்படைத்தேன். 2021 ஆகஸ்டில் பெங்களூரில் சேர்ந்தது. நாலரை வருடம் ஓடிவிட்டது. ஊருக்கு வந்ததிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள்: "அக்கா, நானும் அஸ்ட்ரானமி படிக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று நம் பக்கமாகத்தான் அதன் பாதை போனது. அப்போது காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். என் அப்பத்தா ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள், படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) மட்டும் வருவார்கள். கிரகணம் பிடிக்கும் முன் கதவு ஜன்னலைச் சாத்தப் போன அப்பத்தாவுக்குத் துணையாக நானும் போனேன். ஒன்பதரை மணி இருக்கும். வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஓட்டு இடுக்கு வழியாக எப்போதும் விழும் ஒளிப்பொட்டுகள் தரை முழுக்க வளையல் வளையலாகக் கிடந்தன. ஒவ்வொரு இடுக்கும் ஒரு ஊசித்துளைக் கேமரா. மற்ற நாட்களில் விழும் வட்டப் பொட்டும் சூரியனின் படம்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெளியே தலைகாட்டாதே என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அப்பத்தா, மெதுவாகக் குனிந்து ஒரு வளையத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்கள்.

அதே வாரத்தில் திருவாதிரை மங்குகிறது என்று செய்தி வந்தது. வழக்கமாக அதன் ஒளித்தரம் 0.5க்குப் பக்கத்தில் இருக்கும். எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். மொட்டை மாடியில் ஏறி, ரோகிணியோடும் புனர்பூசத்தில் இருக்கும் பொல்லக்ஸோடும் ஒப்பிட்டு, கண்ணளவில் ஒரு எண் போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். 2020 பிப்ரவரியில் அது பெல்லாட்ரிக்ஸ் என்ற நட்சத்திரத்தின் அளவுக்கு, கிட்டத்தட்ட 1.6 வரை மங்கியது. அந்த நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதையே மறைத்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். அந்த வருடமே ஜெஸ்ட் (ஆய்வு நிறுவனங்களின் கூட்டு நுழைவுத் தேர்வு) எழுதினேன், தேறவில்லை. காரணம் எளிமையானது. நான் படித்ததெல்லாம் கருந்துளை, நியூட்ரான் நட்சத்திரம், பெருவெடிப்பு. தேர்வில் வந்ததெல்லாம் குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயற்பியல், மின்காந்தவியல், கணித முறைகள். வானியலில் சேர்வதற்கான தேர்வில் வானியலைத் தேடாதீர்கள். நெட், கேட், ஜெஸ்ட் எல்லாமே இயற்பியலைத்தான் சோதிக்கின்றன. அதில் நியாயமும் இருக்கிறது. நட்சத்திரத்தின் உள்ளே நடப்பது அந்த நாலு பாடமும்தான்.

அடுத்த ஒரு வருடம் கொரோனாவோடு வீட்டில் போயிற்று. பெரிய வீட்டு முகப்புத் திண்ணையில் காலை நாலரையிலிருந்து எட்டரை வரை. புதிதாக எதையும் வாசிக்கவில்லை. பழைய வினாத்தாள்களை மட்டும் போட்டேன். விடையைப் பார்த்துவிட்டுப் "புரிந்துவிட்டது" என்று நகர்வதுதான் பெரிய ஏமாற்று. விடை தெரிந்த கணக்கை மூன்று நாள் கழித்து வெற்றுத் தாளில் மறுபடி போடுங்கள். எனக்குப் பாதிக் கணக்கு நடுவழியில் நின்றுவிடும். நின்ற இடம் எது என்று ஓரத்தில் குறித்துவைப்பேன். இரண்டு மாதத்தில் அந்தக் குறிப்புகளே என் பலவீனம் என்ன என்று காட்டிவிட்டன: எல்லை நிபந்தனை (விளிம்பில் விடை எப்படி இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு) வைக்கும் இடத்தில் எல்லாம் தடுமாறியிருக்கிறேன்.

நெட் இயற்பியல் தாளில் 75 கேள்விகள் இருக்கும், 55தான் எழுத வேண்டும், மொத்தம் 200 மதிப்பெண். சி பகுதியில் கேள்விக்கு 5 மதிப்பெண். தப்பானால் கால்வாசி போய்விடும். அந்தப் பகுதியில் பத்துக் கேள்வியை உறுதியாகப் போட்டாலே 50 வந்துவிடும். முதல் பதினைந்து நிமிடம் தாளை முழுக்கப் புரட்டி, எதைத் தொடப்போவதில்லை என்று முடிவு செய்துவிடுவது எனக்குக் கைகொடுத்தது. நெட் வருடத்துக்கு இரண்டு முறை வரும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) தேர்வு டிசம்பரில், கேட் பிப்ரவரியில், ஜெஸ்ட் அதை ஒட்டி. புனேயில் இருக்கும் ஐயூகா வானியல் மையம் தனித் தேர்வும் வைக்கிறது. விண்ணப்பங்கள் முந்தைய வருடக் கடைசியிலேயே திறந்துவிடும் என்பதால் எம்.எஸ்சி. மூன்றாம் செமஸ்டரில் இருக்கும்போதே தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம், புனேயில் ஐயூகா, நைனிதாலில் ஏரிஸ், அகமதாபாத்தில் பிஆர்எல், ரேடியோ வானியல் என்றால் புனேயில் என்சிஆர்ஏ. இவை எல்லாவற்றுக்கும் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது கணினி வழியாக நடந்தது. ரெண்டாங்கட்டில் செல்போன் சிக்னல் நன்றாக வரும் தூணுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். உங்களுக்கு ஏன் வானியல் என்று கேட்டார்கள். திருவாதிரை நோட்டைக் காட்டினேன். "ஒளித்தர எண் 1.1 கூடினால் வெளிச்சம் எத்தனை மடங்கு குறையும்?" ஐந்து ஒளித்தரம் என்றால் நூறு மடங்கு, அதனால் ஒன்றுக்குச் சுமார் இரண்டரை, ஆகவே ஏறக்குறைய 2.75 மடங்கு என்று சொல்லிவிட்டேன். அடுத்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "இந்த எண்ணில் பிழை எவ்வளவு?" எனக்குப் பதில் இல்லை. "திருவாதிரை உச்சியில் இருக்கும்போதும் அடிவானத்தில் இருக்கும்போதும் ஒரே எண்ணா போட்டீர்கள்?" அதற்கும் இல்லை. தாழ்ந்து இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி அதிகக் காற்றைத் தாண்டி வருவதால் மங்கித் தெரியும். நான் ஒப்பிட்ட நட்சத்திரங்கள் வேறு உயரத்தில் இருந்தன. யோசித்து யோசித்து, சத்தமாகப் பேசிக்கொண்டே ஒரு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தேன். இடம் கிடைத்தது. தெரியாததை அவர்கள் கண் முன்னால் யோசித்ததுதான் காரணம் என்று நம்புகிறேன். நேர்காணலில் மௌனமாக யோசிக்காதீர்கள்.

பிழை எவ்வளவு என்ற அந்தக் கேள்விதான் அப்புறம் நாலரை வருடமும் என் கூடவே வந்தது. என் ஆய்வு கோளக் கொத்துகளில் (நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கூட்டங்கள்) இருக்கும் ஆர்ஆர் லைரே நட்சத்திரங்களைப் பற்றியது. இவற்றின் வெளிச்சம் ஒரு நாளைக்குள், சிலவற்றில் சில மணி நேரத்திலேயே, கூடிக் குறையும். அந்தக் காலஅளவை வைத்து உண்மையான ஒளியையும், அதை வைத்துத் தொலைவையும் கணிக்கலாம். தொலைவு சொல்வது பாதி வேலை. அந்தத் தொலைவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது மீதிப் பாதி, அதுதான் கஷ்டமான பாதி.

முதல் வருடம் பாடத் தேர்வுகள் இருக்கும், மறுபடி பரீட்சை எழுதுவது போலத்தான். அதோடு லினக்ஸும் பைதானும் கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கையா விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் இலவசம். எம்.எஸ்சி. படிக்கும்போதே கார்த்திகைக் கூட்டத்து நட்சத்திரங்களை அதிலிருந்து இறக்கி, நிறத்துக்கும் ஒளிக்கும் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரு பழைய மடிக்கணினி போதும். புதிய ஆய்வுக் கட்டுரைகளை ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

இரண்டாம் வருடம் ஜவ்வாது மலையில் காவலூருக்கு முதல் முறை போனேன். அங்கே இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் விட்டம், 1986இலிருந்து இயங்குகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் வானம் நன்றாக ஒத்துழைக்கும். அந்தி வெளிச்சம் மங்கும் நேரத்தில், நட்சத்திரம் தெரிவதற்கு முன், வெறும் வானத்தைப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஃபிளாட் என்பார்கள். கருவியின் கண்ணாடியில் இருக்கும் தூசி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் விழும். வெற்று வானத்தின் படத்தால் வகுத்தால் அது போய்விடும். மற்றவர்கள் பாடமாகப் படித்ததை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அப்பா ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட ஓடு, செய்கிறவர். கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் போடுவார். பூ கீழே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடியில் ஒரு மணல் பருக்கை ஒட்டியிருந்தால் அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் போட்ட எல்லாக் கல்லிலும் ஒரே இடத்தில் புள்ளி விழும். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் அப்பா கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துவிட்டுச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார். போனில் ஃபிளாட் பற்றிச் சொன்னபோது, "தொடைக்க முடியாத கண்ணாடியைக் கணக்குப் போட்டுத் தொடைக்கிறீங்க, அதானத்தா?" என்றார். அதேதான்.

மூன்றாம் வருடம் எனக்கு மோசமான வருடம். ஒரு நட்சத்திரத்தின் இரண்டு சீசன் தரவையும் அதன் காலஅளவுப்படி மடித்து ஒரே வளைகோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உட்காரவே மாட்டேன் என்றது. காலஅளவை மாற்றினேன், படங்களைத் திரும்பச் சரிசெய்தேன், மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால் பூமியின் இருப்பிடத் திருத்தத்தை ஒரு சீசனுக்குப் போட்டு இன்னொன்றுக்கு விட்டிருக்கிறேன். பூமி சூரியனைச் சுற்றிவரும்போது நட்சத்திர ஒளி சில மாதம் முன்னால் வந்துசேரும், சில மாதம் பின்னால் வரும். எட்டு நிமிடம் இந்தப் பக்கம், எட்டு நிமிடம் அந்தப் பக்கம். நட்சத்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரியில் இது எந்த நேரம், எந்தத் திருத்தம் முடிந்தது என்று எழுதாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. இதை முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுப்பதில் தலைப்பைவிட ஆளைப் பாருங்கள். சேர்ந்த முதல் வருடத்தில் அவரிடம் ஏற்கெனவே படித்த மூன்று பேரிடமாவது பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எழுதியதை எத்தனை நாளில் திருத்திக் கொடுத்தார், தப்பு நடந்தால் எப்படிப் பேசினார். இந்த மூன்று கேள்வி போதும். கோளக் கொத்து பிடிக்காமல் போனால் வேறு நட்சத்திரத்துக்கு மாறலாம். கைடை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. மாற்ற வேண்டி வந்த ஒரு தோழி ஒரு வருடத்தை இழந்தாள்.

பணம்: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. வீட்டுக்கும் அனுப்பலாம். ஆனால் எனக்கு ஒரு முறை நாலு மாதம் தள்ளி வந்தது. மூன்று மாதச் செலவுக்காவது ஒதுக்கி வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒன்று: யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஆறு வருடம் உச்சவரம்பு என்றாலும் பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் தரலாம், மகப்பேறு விடுப்பும் 240 நாள் வரை உண்டு. "கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும்" என்று வீட்டில் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். முதல் செமினாரில் வாய் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரம் செய்ததை அப்பத்தாவிடம் போனில் தமிழில் சொல்வேன். அப்பத்தாவுக்கு விளங்காத இடம் எனக்கும் சரியாக விளங்காத இடமாகத்தான் இருந்தது. "என்னத்தா, அந்த வெளக்கு கூடுது குறையுதுன்னா, அதுக்கு யாரு எண்ணெய் ஊத்துறா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். ஆர்ஆர் லைரே ஏன் துடிக்கிறது என்பதை அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து எனக்கே மறுபடி எழுதிப் பார்த்தேன்: உள்ளே ஹீலியம் அயனியாகும் அடுக்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கிறது, நட்சத்திரம் விரிகிறது, விரிந்ததும் வெப்பம் வெளியேறுகிறது, சுருங்குகிறது, மறுபடி தேங்குகிறது. தமிழில் தெளிவாகச் சொல்ல வந்த பிறகு ஆங்கிலத்தில் சொல்வது மொழிபெயர்ப்பு வேலை மட்டும்தான்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) இன்னும் தேதி வரவில்லை. அதுவரை ஊரில்தான் இருப்பேன். ஜெஸ்ட், நெட் எழுதுகிறவர்கள் பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டு சாயந்திரம் வாருங்கள், திண்ணையில் உட்கார்ந்து போடலாம். சித்திரைக் கடைசியில் வந்தால் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போகலாம். தெற்கே, பெரிய வீட்டு முகப்புக்கு மேலே, தெற்குச் சிலுவைக்கு இடப்புறம் கொஞ்சம் உயரத்தில், தெருவிளக்கு இல்லாவிட்டால் ஒரு பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாகத் தெரியும். ஒமேகா சென்டாரி, ஒரு கோளக் கொத்து. சென்னையைவிட நம் ஊரில் அது மூன்று டிகிரி உயரமாக நிற்கும்.